அருகிலிருக்கும் அரசு

கொருக்குப்பேட்டையில் தொடர்வண்டிக் கடவுப்பாதை அடைக்கப்படும்போது ஊர் இரண்டாகிவிடும். தண்டவாளங்களுக்கும் கால்வாய்களுக்கும் நடுவே அமைந்த அவ்வூர், நிலத்தில் இருந்தும் ஒரு தீவைப் போன்றதே. அங்கே தெருவிளக்கு எரியாவிட்டாலும் மழைநீர் வடியாவிட்டாலும் மக்கள் முதலில் தேடுவது தம் வட்டத்தின் மாமன்ற உறுப்பினரையே.

உள்ளாட்சி தமிழர்க்குப் புதிதன்று. உரிய கணக்கைக் காட்டாதவர், குடவோலை முறையில் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுவதற்குத் தகுதியற்றவர் என்பதைப் பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு உரைக்கிறது. 1688இல் தோன்றிய சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே பழமையானது. இன்று அது 15 மண்டலங்களையும் 200 வட்டங்களையும் கொண்டுள்ளது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை மண்டலத்தில் அடங்கும். ஐந்தாண்டுக் காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது 74ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் நெறியாகும்.

ஆயினும் 1973 முதல் 1996 வரையிலும், 2016 முதல் 2022 வரையிலும் சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இல்லை. அண்டைத் தீவு நாடாகிய இலங்கையிலும் இந்நிலை நேர்ந்தது. அங்கு மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என உள்ளாட்சி மூவகைப்படும். 2023இல் நடைபெறவேண்டிய தேர்தல், நிதியில்லை எனத் தள்ளிவைக்கப்பட்டு, 2025 மே 6ஆம் நாளே நடைபெற்றது. தேர்தலை உரிய காலத்தில் நடத்தாமை குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறுவதாகும் என அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது.

‘அதிகாரிகள் இருந்தனரே, குப்பை அகற்றப்பட்டதே, குறை என்ன?’ எனச் சிலர் வினவலாம். அதிகாரிகளின் உழைப்பை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால், அதிகாரி தம் மேலதிகாரிக்கு விடை கூறக் கடமைப்பட்டவர். உறுப்பினரோ தமக்கு வாக்களித்த தெருவுக்கு விடை கூற வேண்டியவர். முதலில் சீரமைக்க வேண்டியது கால்வாயா, சாலையா என்பதை முடிவுசெய்யும் இடத்தில் அத்தெருவின் குரல் ஒலிக்க வேண்டும். மாமன்றம் இல்லாத காலத்தில் நாம் இழப்பது அக்குரலையே.

குறை ஆள்வோரிடம் மட்டுமன்று. 2022 தேர்தலில் சென்னை வாக்காளருள் பாதிக்கும் குறைவானோரே வாக்களித்தனர். கேட்பாரற்ற உரிமை மெல்லத் தேய்ந்துவிடும்.

மாணவர்களே! இன்னும் சில ஆண்டுகளில் நீங்களும் வாக்காளர் ஆவீர்கள். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வட்டத்தின் எண் எது, உறுப்பினர் யார், பகுதி சபை எப்போது கூடுகிறது என்பவற்றை இன்றே கேட்டறியுங்கள். உத்திரமேரூரார் அன்று கேட்ட கணக்கை நம் தெருவும் கேட்கத் தொடங்கட்டும்.