பிழை ஏன் ஒரே தெருவின் மேல் விழுகிறது?

மருத்துவமனை ஊழியர்கள் தங்கள் பணி மதிப்பீட்டை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஒரு தனியார் மருத்துவமனையில் கேள்வித்தாள் கொடுத்தேன். ‘மதிப்பீடு நியாயமாக நடக்கிறதா?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ‘ஆம்’ என்றே பதில் வந்தது. தாள்களை வாங்கித் தந்தவர் நர்சிங் சூப்பர்வைசர் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் ஒரு செவிலியர் வேறு கதை சொன்னார். ஊசி, மருந்து, பதிவேடு எல்லாவற்றிலும் அவருக்கு நல்ல மதிப்பெண். ‘தோற்றம்’, ‘பேச்சு’, ‘அணுகுமுறை’ ஆகிய மூன்று கட்டங்களில் மட்டும் ஆண்டுதோறும் ‘சராசரி’. அதனாலேயே ஊதிய உயர்வு குறைந்தது. “நான் எந்தத் தெருன்னு தெரிஞ்ச பிறகுதான் சார், என் பேச்சு அவங்களுக்குப் பிடிக்காமப் போச்சு” என்றார்.

மேலாண்மைப் பாடநூல்கள் இதைப் பிழை என்கின்றன. ஒரு குணத்தை வைத்து முழு ஆளையும் எடைபோடுவது ஒரு பிழை. கடைசி மாதத்தை மட்டும் நினைவில் வைப்பது இன்னொன்று. பிழை என்றால் இன்று இவர் மேல் விழும், நாளை வேறொருவர் மேல் விழும். எப்போதும் ஒரே தெருக்காரர்கள் மேல் விழுந்தால் அது சாதி. என் கேள்வித்தாளில் அந்தச் சொல்லே இல்லை. சர்ச்சையாகும் என்று நானே நீக்கியிருந்தேன்.

அரசுப் பணியில் இதற்கு ஓரளவு தடுப்பு உண்டு. எல்லைச் சாலைப் பொறியாளர் தேவ் தத்துக்கு ஓர் ஆண்டு ‘நன்று’ என்று எழுதினார்கள். பதவி உயர்வுக்குத் தேவை ‘மிக நன்று’. அந்தக் குறிப்பு அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. எந்தத் தரக்குறிப்பையும் ஊழியரிடம் மறைப்பது அரசமைப்பின் 14ஆம் பிரிவுக்கு எதிரானது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு தனியார் மருத்துவமனைக்குள் நுழையாது.

அதே கட்டடத்தில் கழிப்பறை கழுவும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மதிப்பீட்டுத் தாளே கிடையாது. ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று சூப்பர்வைசர் சொல்லும் வார்த்தைதான் அவருக்கு மதிப்பீடு. அந்த வேலையில் யார் இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

தனியாராக இருந்தாலும் சில விதிகள் வேண்டும். குறைத்துப் போடும் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். ஒருவர் மட்டுமே மதிப்பிடக் கூடாது. மேல்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இவை பொருந்த வேண்டும். எந்தச் சமூகத்தினருக்கு எந்தத் தரம் கிடைத்தது என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

தோழர்களே, உங்களில் பலருக்கும் ஆண்டுதோறும் அப்ரைசல் நடக்கும். ‘அணுகுமுறை சரியில்லை’ என்று எழுதினால், எந்த நாளில், எந்தச் செயலில் என்று எழுத்தில் கேளுங்கள். நான் புதிய கேள்வித்தாள் தயாரித்துவிட்டேன். இந்த முறை அதில் சாதி இருக்கிறது. தாளை நானே பேருந்து நிறுத்தத்தில் நின்று வாங்கிக்கொள்ளப்போகிறேன்.