ஊசி மீதான ஐயத்தை யாரிடம் சொல்வது?

நாற்பது வயதுக்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார் என்ற செய்தி எங்கள் ஊரான கடையநல்லூருக்கு வந்தால், அடுத்த பேச்சு அநேகமாக இதுதான்: “எல்லாம் அந்தக் கொரோனா ஊசி போட்டதிலிருந்துதான்.” துக்க வீட்டிலும் கேட்கிறது, தேநீர்க்கடையிலும் கேட்கிறது. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. அறியாமை என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. தள்ளியதால் பேச்சு நிற்கவில்லை என்பதையும் பார்த்துவிட்டோம்.

நம் பக்கத்தில் இந்தச் சந்தேகத்துக்கு உரம் போட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார். தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள் என்று மக்களையும் கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலை காலமானார். சங்கரன்கோவிலை அடுத்த பெருங்கோட்டூர் அவருடைய பூர்வீகம் என்பதால் இங்கே அது வீட்டுத் துக்கமாகவே ஆனது. இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுவதும் அடைத்திருந்ததாக மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். ரத்தக்குழாயில் கொழுப்பு ஒரே இரவில் படிவதில்லை. ஆனாலும் அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று, தடுப்பூசிப் பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழு சொன்ன முடிவு வெளியே வந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. வதந்திக்கு ஆறு மாதம் தாராளமாகப் போதும்.

ஊசிக்குப் பின் நடந்தது எல்லாம் ஊசியால் நடந்ததா? இந்தியாவில் ஆண்டுதோறும் ஆயிரம் பேரில் சுமார் ஆறு பேர் ஏதாவது ஒரு காரணத்தால் இறக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு கோடிப் பேரை எடுத்துக்கொண்டால், ஊசியே இல்லாவிட்டாலும் நாளொன்றுக்கு நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மரணங்கள் நேரும். நாடு முழுவதும் 220 கோடித் தவணைக்கு மேல் போட்டபோது, ஊசி போட்ட மறுநாளே சிலர் இறந்திருப்பது தவிர்க்க முடியாதது. இறந்தவரின் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தராது என்பதும் உண்மையே.

அதே சமயம், பக்கவிளைவே இல்லை என்று சாதிப்பதும் நேர்மையாகாது. ஆஸ்ட்ராஜெனிகா ஊசியால் (இங்கே அதன் பெயர் கோவிஷீல்டு) மிக அரிதாக ரத்தம் உறைந்து, தட்டணுக்களும் குறையும் ஆபத்து இருப்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரலிலேயே அறிவித்தது. நம் நாட்டுக் குழு அந்த ஆண்டு மே மாதம் 498 தீவிர நிகழ்வுகளை ஆராய்ந்து, அவற்றில் 26 ரத்த உறைவாக இருக்கக்கூடும் என்றது. பத்து லட்சம் தவணைக்கு 0.61 என்ற விகிதம் அது. ஊசி போட்டதும் வந்த கடும் ஒவ்வாமையால் 68 வயது முதியவர் ஒருவர் இறந்ததையும் அதே குழு ஒப்புக்கொண்டது. 2024இல் ஆஸ்ட்ராஜெனிகா பிரிட்டன் நீதிமன்றத்தில் இதை ஒத்துக்கொண்டதாகச் செய்தி வந்தபோது பலரும் புது ரகசியம் உடைந்ததாகப் பதறினார்கள். மூன்றாண்டுகளுக்கு முன் அச்சான தகவல் மக்களிடம் போய்ச் சேரவில்லை என்பதைத்தான் அந்தப் பதற்றம் காட்டியது. அந்த ரத்த உறைவு பெரும்பாலும் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. 2021இல் போட்டுக்கொண்டவர்கள் இன்று அதை நினைத்து உறக்கம் கெட வேண்டியதில்லை.

மாரடைப்புக் கேள்விக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023இல் ஒரு விடை தந்தது. 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்த 729 பேரின் விவரங்களை 47 மருத்துவமனைகள் வழியே திரட்டி, அவர்களை ஒத்த மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு தவணை போட்டவர்களிடம் குறைவாகவே இருந்தது. கொரோனாவால் மருத்துவமனையில் படுத்தது, குடும்பத்தில் முன்பே திடீர் மரணம், அளவு மீறிய குடி போன்றவையே ஆபத்தைக் கூட்டின. கோவாக்சின் உருவாக்கத்தில் பங்குள்ள அமைப்பே ஆராயலாமா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. ஆனால் ஆய்வின் முறையும் எண்களும் அச்சில் இருக்கின்றன. விவரமறிந்த எவரும் எடுத்துப் பார்த்து மறுக்கலாம்.

கடையநல்லூரில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் இருந்தது. வளைகுடாவில் பிழைக்கும் பிள்ளைகள் உள்ள ஊர் இது. கோவாக்சினுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் 2021 நவம்பரில்தான் கிடைத்தது. அதனால் விமானம் ஏற வேண்டியவர்கள் கோவிஷீல்டைத் தேடி அலைந்தார்கள். இரு தவணைகளுக்கு நடுவே 84 நாள் இடைவெளி வேலையைப் பறித்துவிடும் என்ற கவலை பரவிய பிறகு, ஜூன் மாதம் அரசு வெளிநாடு செல்வோருக்கு 28 நாளாகக் குறைத்தது. ஒரே வீட்டில் மகன் ஊசிக்கு வரிசையில் நின்றிருப்பார், தாய் அஞ்சி ஒதுங்கியிருப்பார். இருவரையும் குறை சொல்ல என்ன இருக்கிறது? அதற்கு முந்தைய ஆண்டு நோயை முஸ்லிம் சமூகத்தின் தலையில் கட்டிப் பேசிய கசப்பும் மறக்கக்கூடியதல்ல. பழி சுமத்தப்பட்டவர்கள் அரசு வண்டி தெருவுக்குள் வந்தால் சற்று யோசிப்பது இயல்பு. நம்பிக்கை கேட்டுப் பெறுவதல்ல, நடத்தையால் வருவது.

உச்ச நீதிமன்றம் 2022 மே 2ஆம் தேதி ஜேக்கப் புலியேல் வழக்கில் சொன்னதை இரு தரப்பும் படிக்க வேண்டும். எவரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது. பொது நலன் கருதி அரசு அளவான கட்டுப்பாடுகள் விதிக்கலாம். பக்கவிளைவுகளை மக்கள் தெரிவிக்கவும் பார்க்கவும் வழிசெய்ய வேண்டும். மூன்றாவதுதான் நம் ஊருக்கு உடனே தேவைப்படுவது என்பது என் எண்ணம். இழப்பீடு என்ற கேள்வியும் அதனோடு சேர்ந்தது. ஊசியால் தம் உறவினர் இறந்ததாகக் கருதுபவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம் என்று அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு சொன்னது. பிரிட்டனிலோ யாருடைய தவறு என்று நிரூபிக்கச் சொல்லாமல் தொகை வழங்கும் சட்டம் 1979 முதல் இருக்கிறது. ஊருக்காக ஊசி போட்டுக்கொண்டவர் மிக அரிதாகப் பாதிக்கப்பட்டால், அவர் குடும்பத்தை ஊர்தானே தாங்க வேண்டும்?

அரசு மட்டும் மாறினால் போதாது. 2012இல் டெங்கு இந்த ஊரை உலுக்கியது, உயிர்களும் போயின. சேமித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் கொசு பெருகுகிறது என்று தெரிந்த பின், நகராட்சிப் பணியாளர் மட்டும் அதை ஒழித்துவிட முடியாது. வீட்டார் தொட்டியைத் திறந்துகாட்ட வேண்டும். ஊசி விஷயத்திலும் அப்படித்தான். ஜமாஅத்துகள், கோயில் கமிட்டிகள், வியாபாரிகள் சங்கங்கள், வார்டு உறுப்பினர்கள் ஆகியோர் அரசு மருத்துவரை அழைத்து உட்காரவைத்து, கூச்சமின்றிக் கேள்வி கேட்கும் கூட்டம் ஒன்றை நடத்தலாம். மருத்துவரும் “ஒன்றும் ஆகாது” என்று முடித்துவிடாமல், எது வரும், எத்தனை பேருக்கு வரும், வந்தால் என்ன செய்வது என்று சொல்ல வேண்டும்.

இதைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் கொரோனா ஊசி அல்ல, குழந்தைகளின் ஊசி. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தியால் பெற்றோர் பலர் பின்வாங்கினார்கள். பெரியவர்களின் ஐயம் தொட்டில் வரை இறங்கினால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் பேசத் தெரியாதவர்கள்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தத் தடுப்பூசியானாலும் அதன் பெயர், தொகுதி எண், போட்ட தேதி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். விடாத தலைவலி, மூச்சுத்திணறல், கால் வீக்கம், காரணமில்லாத ரத்தக்கட்டு வந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போய், ஊசி விவரத்தையும் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வழி தெரியாவிட்டால் 104ஐ அழையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதற்கு முன்பு அங்கே சொல்லுங்கள்.