பெயரிடும் உரிமை யாருக்கு?

புதுப்பொருளொன்று வந்தடையும்போது அதற்குத் தன் வேரினின்று பெயர் ஈனும் மொழியே வாழும் மொழி. பிறன் இட்ட பெயரை எழுத்துக்கூட்டி ஒப்புவிக்கும் மொழி தேய்ந்தழியும். இஃது அன்பர்கள் அறியாததன்று. ஆயின், பேருந்துக்கும் மிதிவண்டிக்கும் பெயர்காண உழைத்த நாம், சிறுவர் ஆட்டங்களை 'விளையாட்டுத்தானே' என்று புறந்தள்ளிவிட்டோம். அங்கேதான் நம் பிள்ளைகளின் நா அயற்சொல்லுக்குப் பழகுகின்றது.

போக்கிமான் என்னும் சப்பானிய ஆட்டத்தொடரை எண்ணுக. 1996-இல், நிண்டெண்டோ நிறுவனத்தின் கையடக்கக் கருவிக்காகச் சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக அது வெளிவந்தது. ஆடுவோன் ஊரூராகச் சென்று, புல்லிடையும் நீரிடையும் வாழும் விந்தை உயிரிகளைப் பிடித்து வளர்த்து, பிறருடையவற்றோடு பொரவிடுவான். முதற்கண் 151 ஆக இருந்த உயிரிகள் இன்று 1,000-ஐக் கடந்துவிட்டன. இதனை ஆக்கிய சத்தோசி தசிரி, தோக்கியோவை அடுத்த மச்சிதாவில் பூச்சி பிடித்துத் திரிந்து வளர்ந்தவர். வயலும் குளமும் கட்டடங்களாக மாறியபின் பிறந்த பிள்ளைகளுக்கு அவ்வின்பத்தை மீட்டுத்தர விழைந்தே இதனை ஆக்கினார். நம் விளாத்திகுளத்தார்க்கு இஃது எளிதில் விளங்கும். பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் இட்டு, வேலந்தழை ஊட்டி, முட்டையிட்டதா என்று திறந்து திறந்து பார்த்த கைகள் இக்கரிசற்காட்டில் எத்துணை! சீமைக்கருவேல் மூடிய நிலத்தில் இன்று அவ்வண்டைத் தேடித்தான் காணவேண்டியுள்ளது.

ஆகவே ஆட்டத்தைப் பழிப்பது என் கருத்தன்று. சப்பானியர் தம் உயிரிகளுக்குப் பெயரிட்ட முறையையே நோக்கச் சொல்கின்றேன். காசு என்னும் பொருளுடைய 'செனி'யையும் ஆமையாகிய 'காமே'யையும் புணர்த்துச் 'செனிகாமே' என்றனர். குளத்தாமையின் குஞ்சுக்கு அவர்கள் நாட்டில் வழங்கும் பெயரே அது. மின்னொளியின் பளிச்சிடலுக்குப் 'பிக்கா', எலியின் கீச்சொலிக்குச் 'சூ'. இரண்டுஞ் சேரப் பிக்காச்சு. (தொடரின் பெயரை மட்டும் ஆங்கிலச் சொல்லிரண்டைத் தறித்து ஒட்டினர். அவ்விடத்து அவரும் சறுக்கினர் என்க.) பிரெஞ்சுக்காரரோ ஆங்கிலப் பெயர்களை அப்படியே விழுங்கவில்லை. செனிகாமேக்கு, ஆமையோட்டைக் குறிக்கும் தம் சொல்லினின்று 'கராப்பியூசு' என்று புதுப்பெயர் கண்டனர். செருமானியரும் தமக்கெனப் பெயர்கள் அமைத்தனர்.

ஒரு பெயருக்காகத் தெருவில் இறங்கிய மக்களும் உளர். ஆங்காங்கில் வழங்கும் காந்தோனியச் சீனத்தில் பிக்காச்சுவுக்கு நெடுங்காலமாகத் தனிப்பெயர் ஒன்று இருந்தது. 2016-இல் சீனமொழிப் பதிப்பு வரவிருந்தபோது, மாந்தரின் ஒலிப்புக்கு இயைந்த பெயரையே சீனர் அனைவருக்கும் பொதுவாக்கினர். அவ்வெழுத்துகளைக் காந்தோனியர் படித்தால் பிக்காச்சுவின் ஒலியே தோன்றாது. அவ்வாண்டு மே திங்களில் அவர்கள் சப்பானியத் துணைத்தூதரகத்துக்குப் பேரணியாய்ச் சென்று எதிர்ப்புரைத்தனர். மஞ்சள் எலி ஒன்றின் பெயருக்கா இத்துணை ஆரவாரம் என்று நகைத்தோர் உண்டு. பெரும்பான்மை மொழி எவ்வழியாக நுழையும் என்பதை அறிந்தவர் நகையார்.

நம் நிலை யாது? இத்தொடரின் தொலைக்காட்சிப் படங்கள் தமிழ்க்குரலோடு வந்தன. பெயர்களோ ஆங்கிலத்தனவாகவே நின்றன. 2016-இல் கைப்பேசிக்கென வந்த 'போக்கிமான் கோ' 2023-இல் இந்தியைச் சேர்த்துக்கொண்டது. 800-க்கு மேற்பட்ட உயிரிகளின் பெயர்கள் இந்தியில் ஏறின. தமிழுக்கு அன்று இடமில்லை. இந்தியா என்றால் இந்தி என்று அயல்நாட்டு வணிகனுக்குக் கற்பித்தவர் எவர்? எந்நிலை வரலாகாதென்று 1965-இல் நம் இளைஞர் தம் உடலைத் தீக்கு ஈந்தனரோ, அந்நிலை பிள்ளைகளின் கைப்பேசி வழியே ஓசையின்றி வந்து நிற்கின்றது.

முறையிடுவோம், ஐயமில்லை. ஆயின், 'சரி, பெயர்களைத் தருக' என்று அவர்கள் கேட்டால் நம் கையில் ஏதேனும் உண்டா? தமிழிற் சொல் இல்லை என்பார் தொல்காப்பிய மரபியலைப் புரட்டிப் பார்க்க. இளமைப் பெயர் மட்டும் 9. ஆண்பாற் பெயர் 15. பெண்பாற் பெயர் 13. தவழ்வனவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை. எலியின் இளமைக்குக் குட்டி, பறழ். ஒவ்வொரு வளர்நிலைக்கும் வேறு பெயர் வேண்டும் ஓர் ஆட்டத்துக்கு இதனினும் வாய்ப்பான கருவூலம் எது?

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் தந்தவை இவை: செனிகாமே காசாமை, பிக்காச்சு மின்கீச்சு, அதன் இளநிலையாகிய பிச்சு மின்கீச்சுப் பறழ், இடியின் பெயர் தாங்கி வளர்ந்த இராய்ச்சு இடிக்கீச்சு. பிள்ளைகள் தயங்கினாரல்லர், காசாமையின் வளர்ந்த நிலைக்கு என்ன பெயர் என்று மறுநாளே கேட்டனர். அதற்கு 'ஓட்டரசு' என்றேன். இதனினும் செவ்விய சொல் காணும் அன்பர் அடுத்த இதழுக்கு எழுதுக; எஞ்சிய உயிரிகளுக்கும் ஆளுக்குப் பத்தாகப் பங்கிட்டுக்கொண்டு பெயர் காண்க.