பள்ளிக்கூடம் அங்கே, பிள்ளைகள் இங்கே

போன வாரம் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உங்கள் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பீர்களா?" பத்தே நிமிடத்தில் புலனம் நிரம்பிவிட்டது. "கண்டிப்பாக", "அதில் என்ன சந்தேகம்", "தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" என்று வரிசையாக வந்த பதில்களை உற்சாகமாக வாசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு குரல் பதிவு மட்டும் என்னை நிறுத்தியது.

"அக்கா, நானும் தமிழ்ப்பள்ளியில படிச்சவதான். எனக்கும் ஆசைதான். ஆனா பள்ளி ஒரு மணிக்கு விட்டுடும். நான் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர ஆறரை ஆகும். நடுவுல பிள்ளைய யாரு பாத்துக்குவா? அத யாரும் சொல்ல மாட்றாங்களே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த பாடலைப் போட்டுவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், அதே கேள்வி என் வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்கு ஐந்து வயது. முதலாம் ஆண்டுக்கான பதிவை இணையத்தில் செய்ய வேண்டும். எங்கள் தாமானிலிருந்து தேசியப் பள்ளிக்கு ஐந்து நிமிட நடை. தமிழ்ப்பள்ளிக்கு 9 கிலோமீட்டர். நான் விடியற்காலையில் வானொலி நிலையத்தில் இருப்பேன். வீட்டுக்காரருக்கு வேலை வேறு திசையில். மேடையிலும் ஒலிவாங்கியிலும் தமிழ்ப்பள்ளி பற்றிப் பேசுகிற நான், பதிவுப் பக்கத்தை மூன்று முறை திறந்து மூன்று முறை மூடினேன்.

நான் படித்தது தோட்டப் பள்ளியில். அப்போது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தோம். சென்ற ஆண்டு அங்கே பரிசளிப்பு விழாவுக்கு அழைத்திருந்தார்கள். மொத்தம் 14 பிள்ளைகள். ஒரே அறையில் மூன்று வரிசை, மூன்று ஆண்டுகள். ஆசிரியர் ஒரு வரிசைக்குக் கணக்கு சொல்லித் தரும்போது மற்ற இரண்டு வரிசைகளும் எழுதிக்கொண்டிருக்கும். மூன்றாம் ஆண்டில் ஒரே ஒரு பையன். "அப்போ வகுப்புல நீதான் முதல் மாணவன்" என்றேன். "கடைசியும் நான்தான் அக்கா" என்றான். எல்லாரும் சிரித்தோம். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பையன் யாரோடு பந்து விளையாடுவான் என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

என் தோழி ஒருத்தி பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அவளுடைய குறையோ நேர்மாறானது. ஒரு வகுப்பில் 38 பேர். நூலகத்தை வகுப்பறையாக மாற்றியாகிவிட்டது. அதுவும் போதாமல் திடலோரத்தில் கெபின் போட்டிருக்கிறார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அதற்குள் பாடம் நடத்துவது அடுப்படியில் நிற்பது போல என்கிறாள்.

ஓர் இடத்தில் நாற்காலி காலி, இன்னோர் இடத்தில் நாற்காலி போட இடமில்லை. இது எப்படி வந்தது?

நம் நாட்டில் தமிழ்க் கல்வி 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் ஒரு வகுப்பாகத் தொடங்கியது. பிறகு பெரும்பாலும் தோட்டங்களில்தான் வளர்ந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதனால் லயத்துக்குப் பக்கத்திலேயே பள்ளி இருந்தது. சுதந்திரத்தின்போது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. மக்கள் பட்டணத்துக்கு நகர்ந்தார்கள், பள்ளிகள் நின்ற இடத்திலேயே நின்றன. இன்று இருப்பவை சுமார் 530. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை 150 பேருக்கு மிகாத குறைந்த மாணவர் பள்ளிகள். 2008-இல் 1 லட்சத்துக்கும் மேல் இருந்த மாணவர் எண்ணிக்கை இப்போது 80,000-ஐ ஒட்டி நிற்கிறது. நம் வீடுகளில் பிள்ளைகள் பிறப்பதே குறைந்துவிட்டது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கு 2024-இல் கூட்டரசு நீதிமன்றம் வரை போய் நிராகரிக்கப்பட்டது. அன்றைக்கு நாமெல்லாம் மகிழ்ந்தோம். ஆனால் ஒரு பள்ளி மூடப்படுவதற்குத் தீர்ப்பு தேவையில்லை. முதலாம் ஆண்டுக்கு யாரும் வராத ஆறு வருடங்கள் போதும்.

நகர்ந்து வந்து பிழைத்த பள்ளிகளும் உண்டு. பெயரில் தோட்டத்தைச் சுமந்துகொண்டு பட்டணத்தின் நடுவே இயங்குகிற பள்ளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பண்டார் உத்தாமாவில் இருக்கும் எஃபிங்காம் தமிழ்ப்பள்ளி ஓர் உதாரணம். தோட்டம் போய்விட்டது, பள்ளி இருக்கிறது. என் பழைய பள்ளியின் உரிமத்தையும் பிள்ளைகள் இருக்கும் தாமானுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு பேச்சு நடக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கு அதில் விருப்பமில்லை. அந்த வேதனை எனக்குப் புரிகிறது. நான் 'அ' எழுதிய இடம் அது. ஆனாலும் போகட்டும் என்றுதான் சொல்வேன். அந்தப் பையனுக்கு விளையாட ஆள் வேண்டும்.

ஆனால் நிலம், அனுமதி, கட்டடம் என்று ஒரு பள்ளி இடம் மாறப் பல ஆண்டுகள் ஆகும். ஐந்து வயதுப் பிள்ளை அதுவரை காத்திருக்காது. அதுவரைக்கும் என்ன செய்வது?

இதற்கு வழி சொன்னவர் என் அம்மா. நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு, "நான் அஞ்சு மணிக்குப் பால்மரம் வெட்டப் போனப்போ உன்னை எங்க விட்டுட்டுப் போனேன்? ஆயாக் கொட்டகையிலதானே? இப்ப உங்களுக்கு ஆயாக் கொட்டகை இல்ல, அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதான். தோட்டத்தில் பள்ளி மட்டும் இருக்கவில்லை. பள்ளிக்கு முன்னும் பின்னும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடும் இருந்தது. தாமானுக்கு வந்தபோது அதை விட்டுவிட்டு வந்துவிட்டோம். பல பெற்றோர் வேறு பள்ளியைத் தேடுவது தமிழ்மேல் பற்று இல்லாமல் அல்ல. பக்கத்தில் பள்ளி, மாலை வரை பராமரிப்பு, இந்த இரண்டும் எங்கே கிடைக்கிறதோ அங்கே போகிறார்கள். அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை.

அன்று மாலையே எங்கள் தாமான் புலனக் குழுவில் கேட்டேன். அதே வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகள் இன்னும் மூன்று இருந்தன. நான்கு வீடும் ஒருவரை ஒருவர் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறோம்! ஒரு வேன் பேசினோம், செலவை நான்காகப் பிரித்தோம். பணி ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் மத்தியானத்துக்குப் பிறகு தம் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார். அவருக்கும் மாதம் ஒரு தொகை கொடுப்போம். பதிவுப் பக்கத்தை நான்காவது முறை திறந்தேன். இந்த முறை மூடவில்லை.

ஒரு வேனால் 530 பள்ளிகளும் நிமிர்ந்துவிடாது, தெரியும். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு சிறிய பள்ளிக்கு நான்கு பிள்ளைகள் என்பது சின்ன எண்ணிக்கை அல்ல. பகலில் பூட்டிக் கிடக்கும் ஆலய மண்டபம் உங்கள் ஊரில் இருக்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அடுத்த முறை விருந்து, விழா பற்றிப் பேசி முடித்த பிறகு, ஒரு மணிக்குப் பிறகு பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று ஒருவர் கேட்டுப் பாருங்கள்.

குரல் பதிவு அனுப்பிய அந்தத் தங்கைக்கு நிகழ்ச்சிக்கு வெளியே அழைத்துப் பேசினேன். என் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க பிளாட்டுலயும் கேட்டுப் பாக்கிறேன்க்கா" என்றார். கேட்டுவிட்டுச் சொல்வார். காத்திருக்கிறேன்.