'பாஸ்' என்று வந்தால் போதுமா?

உங்கள் கம்ப்யூட்டர் வேலையின் நடுவே அடிக்கடி நின்று போகிறது. கடைக்குத் தூக்கிக் கொண்டு போகிறீர்கள். கடைக்காரர் ஒரு டெஸ்ட் ப்ரோக்ராமை ஓட்டுகிறார். திரையில் பச்சை நிறத்தில் 'பாஸ்' என்று வருகிறது. "மெஷின்ல ஒரு ப்ராப்ளமும் இல்ல சார்" என்கிறார். பணம் கொடுத்து விட்டு வீட்டுக்கு வருகிறீர்கள். அரை மணி நேரத்தில் மறுபடியும் நின்று போகிறது!

மந்தாரக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்படித்தான் நடந்தது. இரண்டு முறை கடைக்குப் போனார், இரண்டு முறையும் 'பாஸ்'. மூன்றாம் முறை நானும் கூடப் போனேன். கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி மேஜை மேல் வைத்திருந்தார்கள். மேலே சீலிங் ஃபேன் சுற்றிக் கொண்டிருந்தது. டெஸ்ட் ஓடியது மூன்றே நிமிடம். வீட்டில் அதே கம்ப்யூட்டர் எங்கே இருந்தது தெரியுமா? கம்ப்யூட்டர் டேபிளின் கீழ் அறையில், கதவு சாத்திய நிலையில். உள்ளே பிராசசர் மேலிருக்கும் ஹீட் சிங்க் தெரியாத அளவுக்குத் தூசி. எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி நெய்வேலிப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூடு ஏறியதும் மெஷின் நின்றிருக்கிறது. கடையில் சூடு ஏறவே வாய்ப்பில்லை.

டெஸ்ட் ப்ரோக்ராம் பொய் சொல்லவில்லை. தன்னிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னது. 'பாஸ்' என்றால் 'நான் பார்த்த இடத்தில் குறை இல்லை' என்று மட்டுமே பொருள். இதைப் புரிந்து கொள்ளாமல் டெஸ்ட் சாஃப்ட்வேருக்குப் பணம் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து.

வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள்தான் இப்படி ஏமாறுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் நிறுவனம் ஒரு சிறிய அப்டேட் ஃபைலை அனுப்பியது. நம் நேரப்படி காலை 9.39 மணி. அதைப் பெற்ற விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையுடன் விழுந்தன. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள். சென்னையிலும் விமானங்கள் தாமதமாயின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்!

அந்த ஃபைலும் ஒரு தானியங்கி டெஸ்டில் பாஸ் ஆனதுதான். எப்படி? ஒரு விண்ணப்பப் படிவத்தை நினைத்துக் கொள்ளுங்கள். 21 கட்டங்கள் இருப்பதாக விதிமுறை சொல்கிறது. ஆனால் கையில் வரும் படிவத்தில் 20 கட்டங்கள்தான். முன்பு சோதித்த போதெல்லாம் '21-ஆம் கட்டத்தில் எது இருந்தாலும் சரி' என்றே விதி எழுதியிருந்ததால் யாரும் அந்தக் கட்டத்தைத் தேடவில்லை. 2024 மார்ச்சில் நடத்திய டெஸ்டும் இதனால்தான் பாஸ். ஜூலை 19-இல் வந்த ஃபைல்தான் முதன்முதலாக '21-ஆம் கட்டத்தைப் பார்' என்றது. இல்லாத இடத்தைப் படிக்கப் போய் விண்டோஸே விழுந்து விட்டது. ஃபைல்களைச் சரிபார்க்கும் ப்ரோக்ராமும் 21 கட்டங்கள் உண்டு என்றே நம்பிக் கொண்டிருந்தது. சுமார் 78 நிமிடங்களில் அந்த ஃபைலைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதற்குள் விழுந்தவற்றில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. அது நிறுவனங்களுக்கான சாஃப்ட்வேர் என்பதால் நம் வீடுகள் தப்பின.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். விண்டோஸிலேயே மெமரி டெஸ்ட் ஒன்று இலவசமாக இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி டெஸ்ட் தொடங்கும். அப்போது எஃப்1 கீயை அழுத்தினால் 'எக்ஸ்டெண்டட்' என்ற நீண்ட டெஸ்டைத் தேர்ந்தெடுக்கலாம். பல மணி நேரம் ஆகும், இரவில் ஓட விட்டுத் தூங்கப் போங்கள். காலையில் முடிவு எதுவும் திரையில் இல்லையே என்று பலர் குழம்புகிறார்கள். டெஸ்ட் கெட்டுப் போகவில்லை. ஈவண்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். அங்கே மெமரி டயக்னாஸ்டிக்ஸ் பெயரில் முடிவு பதிவாகி இருக்கும்.

பிழை என்று வந்தால் உடனே புது ரேம் வாங்க ஓடாதீர்கள். மின் இணைப்பைப் பிடுங்கி விட்டு ரேமைக் கழற்றி மறுபடியும் அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக ஒரே ஸ்லாட்டில் போட்டு டெஸ்ட் செய்யுங்கள். ஒன்றில் மட்டும் பிழை வந்தால் அந்த ரேம் குற்றவாளி. இரண்டிலும் வந்தால் ஸ்லாட் மேல் சந்தேகம், அடுத்த ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது சரியானது என்று தெரியாது.

இன்னொரு பழக்கத்தையும் பார்க்கிறேன். முதல் முறை பிழை வரும், இரண்டாம் முறையும் பிழை வரும், மூன்றாம் முறை பாஸ் ஆகி விடும். "அப்பாடா, சரியாகி விட்டது" என்று விட்டு விடுவார்கள். மெமரி டெஸ்டில் ஒரே ஒரு முறை பிழை வந்தாலும் அது பிழைதான். முக்கியமான ஃபைல்களை அன்றைக்கே பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் கம்ப்யூட்டரைப் பெயின்ட் பிரஷால் சுத்தம் செய்தோம். டேபிள் கதவைத் திறந்து, கேபினெட் மூடியைப் போட்டு, அது வழக்கமாக இருக்கும் இடத்திலேயே இரவு முழுக்க டெஸ்ட் ஓட்டினோம். அதன் பிறகு நிற்கவில்லை. அடுத்த முறை நீங்கள் கடைக்குப் போகும்போது, என்ன டெஸ்ட், எவ்வளவு நேரம் ஓட்டினார்கள், மூடி திறந்திருந்ததா என்று கேளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு விடுங்கள்!