‘சுமார்’ என்று சொன்னால் மார்க் போகுமா?



நம் பால்வெளிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய விண்மீன் திரள் ஆண்ட்ரோமெடா. அது எவ்வளவு தூரம்? ஒரு பொது அறிவுப் புத்தகத்தில் 22 லட்சம் ஒளியாண்டு, இன்னொன்றில் 25 லட்சம். இதைப் பார்த்து, “விஞ்ஞானிங்களுக்கே தெரியல, எல்லாம் கதை” என்று சிலர் சிரிக்கிறார்கள். அது தவறு என்பதே என் கருத்து.

அவ்வளவு தூரத்துக்கு டேப் பிடிக்க முடியுமா? 1802-ல் லாம்டன் என்பவர் சென்னை பரங்கிமலை அருகே ஒரு அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதை வைத்து முக்கோணக் கணக்குப் போட்டு, நாட்டையே அளக்க ஆரம்பித்தார். பக்கத்து நட்சத்திரங்களுக்கும் முக்கோணம்தான். அங்கே அடிக்கோடு, பூமி சூரியனைச் சுற்றும் பாதை. ஆனால் ஆண்ட்ரோமெடா வரை அந்தக் கணக்கு எட்டாது.

அதற்கு உதவுவது செஃபீடு நட்சத்திரங்கள். இவை கூடிக் குறைந்து ஒளிரும். ஒருமுறை கூடிக் குறைய எத்தனை நாள் ஆகிறதோ, அதிலிருந்து உண்மையான வெளிச்சத்தைக் கண்டுபிடிக்கலாம். இதை 1912-ல் எடுத்துச் சொன்னவர் ஹென்ரியட்டா லெவிட் என்ற பெண்மணி! உண்மையான வெளிச்சத்தையும், நமக்குத் தெரியும் வெளிச்சத்தையும் ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும்.

பிழை எப்படி வருகிறது? அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி கிளப்பும் புழுதியில், எதிரே வரும் வண்டியின் லைட் மங்கலாத் தெரியும். ‘தூரமாத்தானே வருது’ன்னு நினைப்போம். விண்வெளியிலும் தூசி உண்டு. அதனால் தூரம் கூடுதலாகத் தோன்றும். இரண்டு நட்சத்திரங்களின் ஒளி ஒன்றாகக் கலந்தால், தூரம் குறைவாகத் தோன்றும்.

இன்னொன்று, 100 வாட்ஸ் பல்பை 40 வாட்ஸ் என்று நினைத்துவிட்டால், அது கிட்டத்தில் இருப்பதாகக் கணக்கு வரும். 1920-களில் ஹப்பிள் ஆண்ட்ரோமெடாவுக்குச் சொன்ன தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டுதான். செஃபீடுகளில் இரண்டு வகை உண்டு, ஒரு வகை அதிகப் பிரகாசம் என்று பாடே என்ற விஞ்ஞானி 1952-ல் அறிவித்தார். உடனே தூரம் இரண்டு மடங்கானது. ஆண்ட்ரோமெடா நகரவில்லை, நம்ம கணக்குதான் திருந்தியது.

2021-ல் வந்த ஒரு அளவீடு சுமார் 24 லட்சத்து 80 ஆயிரம் ஒளியாண்டு என்கிறது. ‘இதில் 36 ஆயிரம் கூடலாம், குறையலாம்’ என்றும் அவர்களே சொல்லிவிட்டார்கள். நூற்றுக்கு ஒன்றரைதான் பிழை!

ஆனால் ஒரு வினாடி வினாப் போட்டியில் 25 லட்சம் என்று சொன்ன மாணவிக்கு மார்க் இல்லை. நடத்தியவர் கையில் இருந்த கைடில் 22 லட்சமாம்! இது நியாயமா? நம் ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே அளவீடு. ஒரு சின்னக் குண்டை அளக்கும்போதே வெர்னியரில் சுழிப்பிழை பார்க்கிறோம். விண்மீன் திரளுக்குப் பார்க்க வேண்டாமா?

எனவே, கேள்வி கேட்பவர்கள் ‘எவ்வளவு?’ என்பதோடு ‘எப்படித் தெரியும்?’ என்றும் கேட்க வேண்டும். நாமும் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யாமல், எவ்வளவு கூடும், குறையும் என்பதையும் சேர்த்துப் படிப்போம். தன் பிழை எவ்வளவு என்று தானே சொல்லும் அளவைத்தான் நான் நம்புவேன். நீங்க என்ன சொல்றீங்க?



– ஒன்பதாம் வகுப்பு மாணவி