ஆம்ஸ்டர்டாம் வீதிகளும் மோட்டார் வண்டியும்

ஐரோப்பாக் கண்டத்துப் பழம்பதிகளைக் கண்டு மீண்டோர் ஆம்ஸ்டர்டாம் நகரைப்பற்றிப் பேசத் தொடங்கின், பெரும்பாலும் ஒரே வார்த்தையைச் சொல்லி முடிப்பர்: "அங்கே மோட்டார் வண்டியே வேண்டுவதில்லை, அந்நாடு சமதரை, அம்மக்களோ சைக்கிளோடு பிறந்தவர்கள்." இக்கூற்றின் முற்பகுதி மெய். பிற்பகுதி மெய்யன்று என்பதையே நாம் ஈண்டு வற்புறுத்தக் கருதுகின்றோம். தரை சமமாயிருத்தல் உதவியே. ஆயினும் சமதரையில் மோட்டாரும் நன்றாகவே ஓடுமன்றோ?

முற்பகுதியை முதற்கண் நோக்குவோம். ஹேரன்கிராக்ட், கைசர்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்னும் மூன்று பெருங் கால்வாய்கள் 17-ஆம் நூற்றாண்டில் தோண்டப்பெற்றுப் பழைய நகரை அரைவட்டமாய் வளைந்து கிடக்கின்றன. சரக்குகள் படகில் வந்து வணிகர் வீட்டு வாயிலில் இறங்கிய காலத்து நகரமாதலின், கரையோரத் தெருக்கள் மிகக் குறுகியவை. ஒரு வண்டி சாமான் இறக்க நின்றால் பின்வருவன யாவும் நிற்கவேண்டியதே. ஆனால், நடப்பவனுக்கு இந்நகர் சிறிது. மத்திய ரெயில்வே ஸ்டேஷனிலிருந்து புகழ்பெற்ற ரெய்க்ஸ் மியூசியம்வரை ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர். அரைமணி நேரத்து நடை. கால் சோர்ந்தோர்க்கு டிராம் உண்டு. ஸ்டேஷனுக்குப் பின்புறம் ஐ என்னும் அகன்ற நீர்நிலையைக் கடக்க ஓடங்கள் செல்லுகின்றன. நடப்போரிடமும் சைக்கிளோடு வருவோரிடமும் அவற்றிற் கட்டணம் வாங்குவதில்லை. ஸ்டேஷனுக்கு முன்புறத்தில் நீருக்கு அடியிலேயே 7,000 சைக்கிள்களை நிறுத்துதற்குரிய மண்டபமொன்று 2023 ஜனவரியில் திறக்கப்பட்டது. (அவ்வாறிருந்தும் ஆண்டுதோறும் 12,000 முதல் 15,000 வரை சைக்கிள்களைக் கால்வாய்களின் அடியிலிருந்து இயந்திரக் கையால் அள்ளியெடுக்கின்றனர். அவை எவ்வாறு அங்கே சென்றன என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று!)

இனிப் பிற்பகுதி. இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் செல்வம் பெருகவே, அந்நகரத்தாரும் பிற நகரத்தாரைப் போலவே மோட்டார்களை வாங்கினர். கால்வாய்க் கரைகளும் சதுக்கங்களும் வண்டி நிறுத்துமிடங்களாயின. 1954-இல் நகரப் போலீஸ் தலைவராயிருந்த காஸ்யாகர் என்பார், போக்குவரத்து நெருக்கடிக்குப் பரிகாரமாகப் பழைய கால்வாய்கள் பலவற்றைத் தூர்த்துச் சாலையாக்கலாமென்று யோசனை கூறினார். 1967-இல் அமெரிக்க நிபுணர் யோக்கினென் என்பார் அதனினும் பெரிய திட்டமொன்றைத் தந்தார். சிங்கல்கிராக்ட் கால்வாயைத் தூர்த்து விரைவுச் சாலை அமைப்பதும், தொழிலாளர் வாழும் டி பெய்ப் பேட்டையை இடித்துப் புதுக்குவதும் அதிற் கண்டவை. இன்று கால்வாய்களின் அழகைக் கண்டு மயங்குவோர் இவ்விரண்டு பெயர்களையும் அறிந்திருத்தல் நலம். அறிவிலிகள் செய்த யோசனைகளல்ல அவை. அக்காலத்தில் முன்னேற்றமென்று பெயர் பெற்றிருந்தவை.

தடுத்தவர் யாவர்? 1965-இல் 'புரோவோ' என்னும் இளைஞர் கூட்டத்தார் வெள்ளை வர்ணம் பூசிய சைக்கிள்களைப் பூட்டாமல் தெருவில் விட்டு, வேண்டியவர் எடுத்தோட்டலாமென்றனர். பூட்டாத சைக்கிள் சட்டவிரோதமென்று போலீஸார் அவற்றைக் கைப்பற்றிக்கொண்டனர். கேட்டவர் நகைத்தனர். ஆனால், அடுத்து வந்தது நகைப்பிற்கிடமானதன்று. 1971-ஆம் ஆண்டு ஒன்றில்மட்டும் நெதர்லாந்து தேசத்துச் சாலைகளில் ஏறத்தாழ 3,200 பேர் மாண்டனர். அவர்களுள் 400-க்கு மேற்பட்டோர் சிறுவர். வண்டி மோதித் தன் மகளை இழந்த லாங்கன்ஹோஃப் என்னும் பத்திரிகையாளர் 1972-இல் 'டி டெய்ட்' பத்திரிகையில் எழுதிய கட்டுரைக்கு, 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று தலைப்பிட்டார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. டி பெய்ப் பேட்டைச் சிறுவர்கள், தாங்கள் விளையாட ஒரு தெருவாவது வேண்டுமென்று கையொப்பம் வாங்கி வாதாடினர். 1973 நவம்பரில் எண்ணெய் முடை காரணமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டுதல் தடுக்கப்பட்டபோது, தங்கள் வீதி எத்துணை அகலமென்பதைப் பலர் அன்றுதான் கண்டனர். 1975-இல் நியூமார்க்ட் பகுதியிற் பாதாள ரெயிலுக்காக வீடுகளை இடிக்க வந்தோரோடு குடிமக்கள் போராடினர். ரெயிலை அவர்களால் தடுக்க முடியவில்லை. மேலே வரவிருந்த பெருஞ்சாலையைத் தடுத்துவிட்டனர். ஆதலின் சைக்கிளோடு பிறந்த மக்கள் என்பது, போராடினோர்க்குரிய பெருமையைத் தரைக்கும் பிறப்பிற்கும் கொடுத்துவிடுகின்றது.

அப்போராட்டம் முடிந்துவிட்டதென்றும் எண்ணற்க. ரெய்க்ஸ் மியூசியத்தை நோக்குக. 1885-இல் கைபெர்ஸ் என்னும் சிற்பி அமைத்த அக்கட்டடத்தின் நடுவே ஒரு பொதுவழி செல்லுகின்றது. மேல்மாடத்தில் ரெம்பிராண்டின் 'இராக்காவல்' ஓவியம்; கீழே மணியடித்துச் செல்லும் சைக்கிள்கள்! 2003-இல் மியூசியத்தைப் புதுப்பிக்க மூடியபோது, வாயிலை அவ்வழியிலேயே அமைக்க வேண்டுமென்று ஸ்பெயின் தேசத்துச் சிற்பிகள் வரைந்தனர். பார்வையாளர்க்கு அபாயமென்று மியூசியத் தலைவரும் சைக்கிளுக்கு இடந்தர மறுத்தார். சைக்கிள் சங்கத்தார் விடவில்லை. ஆண்டுக்கணக்காய் வழக்காடி, 2013 மே மாதத்தில் அவ்வழியை மீண்டும் பெற்றனர். கலைப்பொருளைக் காப்பவர் கட்சியிலும் நியாயம் உண்டு. எனினும் ஊரார் நாடோறும் வேலைக்குச் செல்லும் வழியை விருந்தினர் பொருட்டு அடைப்பது முறையன்று என்றே நாம் கருதுகின்றோம்.

மறுப்போர் கூற்றையும் மறைத்தலாகாது. 2023-இல் நெதர்லாந்துச் சாலைகளில் மாண்டோர் 684 பேர். 1971-ஐ நோக்க இஃது எத்துணையோ குறைவு; ஆயினும் அவருள் 270 பேர் சைக்கிளில் சென்றோர். மோட்டார் விலகிய இடத்தில் அபாயம் முழுதும் விலகிவிடவில்லை. ஆம்ஸ்டர்டாமிற் சிவந்த நிறமுடைய சைக்கிட் பாதையை நடைபாதையென்று மயங்கி நிற்கும் வெளியூரானும், தடியூன்றி அதனைக் கடக்கும் முதியவளும் அஞ்சுவது இப்போது மோட்டாருக்கன்று, மின்விசையால் விரையும் தடித்த சக்கரச் சைக்கிளுக்கே. நகர சபையார் 2019-இல் சிறு மோட்டார்ச் சைக்கிள்களைச் சைக்கிட் பாதையினின்று நீக்கிப் பெருஞ்சாலைக்கு அனுப்பினர்; 2023 டிசம்பரிற் பெரும்பான்மையான வீதிகளில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைத்தனர். இவ்விரண்டையும் நாம் முழுமனத்தோடு ஏற்கின்றோம். மின்விசைச் சைக்கிள்களுள் மிகவிரைந்து செல்வனவற்றிற்கும் அதே விதியை விதிக்கவேண்டும். மோட்டாரை விலக்குதற்குச் சொன்ன காரணம் குழந்தையும் முதியவரும் அஞ்சாது நடத்தல் என்பதாயின், அவர்களை அச்சுறுத்துவது சைக்கிள் என்பதற்காக அதனைப் பொறுத்துக்கொள்வதெப்படி?